மூடியில் எழுதிய பெயர்

மார்ச் 3, திங்கள்

காலையில் சூளை திறந்தார்கள். நீலம் இதுவரை வந்ததிலேயே நன்றாக வந்திருக்கிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் மட்டும் பஸ் ஏறும் வரை கைகளைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்த்தால் என் பயத்துக்கு அடிப்படை இல்லை என்பது தெரிந்துவிடலாம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பொம்மையார்பாளையத்தில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் மண்கலைக் கூடம் அது. கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு அங்கே ஒரே வேலைதான். பொடிகளை நிறுத்துக் கலந்து, சுடுவதற்கு முன் பூசும் கிளேஸ் என்ற மெருகுக் குழம்பைத் தயாரித்துக் கொடுப்பேன். மண்ணைத் தொடுவதில்லை. என் விரல்களுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

அமுதினி சக்கரத்தில் தட்டும் கிண்ணமும் செய்கிறாள். ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கினால் காற்றுப் புகாது, அவ்வளவு ஒரே மாதிரி. ஜெரோம் மண்ணைப் பலகையாகத் தட்டி, கிழித்து, கட்டையால் அடித்து, சுவரில் மாட்டும் பெரிய சிற்பங்கள் செய்கிறான். பார்த்தால் சண்டை போடுவது போலிருக்கும். ஃபரீதா சுடுவதே இல்லை. ஊசுட்டேரி மண்ணில் மெல்லிய குடங்கள் வனைந்து, கண்காட்சிக்கு வந்தவர்கள் முன்னாலேயே தண்ணீர் ஊற்றிக் கரையவிடுகிறாள். அதைப் பார்த்துச் சிலர் அழுகிறார்கள். எனக்கு அது முதலில் விளங்கவில்லை.

இன்று அமுதினியின் தட்டுகள் மயில் கழுத்து நிறத்தில் வந்திருந்தன. அதே சூளையில் வைத்த ஜெரோமின் பலகைகள் வெளுத்துச் சோகையாகக் கிடந்தன.

"சார், என் நீலத்த இவ திருடிட்டா," என்றான் ஜெரோம். "போலீஸ்ல சொல்லப் போறேன்."

"போய் சொல்லேன். உன் செவுத்துல இருக்கறத பாத்து ஒன்னத்தான் உள்ள வைப்பாங்க," என்றாள் அமுதினி.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் மூடிகள் நினைவுக்கு வந்தன.

ஜெரோமின் நீலத்துக்குப் பேரியம் கார்பனேட் போடுகிறேன். அது விஷம், ஒரு காலத்தில் எலிக்கு வைத்தார்கள். சுவரில் தொங்குவதை யாரும் நக்கப் போவதில்லை என்பதால் அவனுக்கு மட்டும். அமுதினியின் பாத்திரங்களுக்கு ஸ்ட்ரான்சியம் கார்பனேட். அது கெடுதல் இல்லை. நீலமும் அவ்வளவு பளிச்சென்று வராது. இரண்டும் வெள்ளைப் பொடி. கண்ணால் பிரித்தறிய முடியாது. ஜனவரியில் கூரை ஒழுகிச் சாக்குகள் நனைந்ததால், இரண்டையும் புதிய பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றினேன். பெயர் எழுதினேன். மூடிகளின் மேல் எழுதினேன். பிறகு ஒரு நாள் தூசியாக இருக்கிறதே என்று மூடிகளை மட்டும் கழற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, திரும்பப் போட்டேன்.

எதை எதில் போட்டேன்? சரியாகத்தான் போட்டிருப்பேன்.

இரவு என் மனைவி கோமளவல்லி வழக்கம்போல் நீலக் கிண்ணத்தில் மோர்சாதம் சாப்பிட்டாள். பிப்ரவரியில் இதே நீலம் பூசிச் சோதனைக்காகச் சுட்ட கிண்ணங்களில் ஒன்று. அமுதினி அவளுக்குக் கொடுத்தது. மற்றவை கைவினைச் சந்தையில் விற்றுவிட்டன.

மார்ச் 4, செவ்வாய்

மின் கட்டணம் கட்டினேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வந்தார். கோமளவல்லிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டேன். எலுமிச்சை ரசம் வைத்திருந்தாள்.

மார்ச் 5, புதன்

கூடத்தில் ஓரம் கோணிய தட்டு ஒன்றை எடுத்து, பாதி எலுமிச்சம்பழத்தை அதன்மேல் கவிழ்த்து, அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். மெருகு பலவீனமாக இருந்தால் புளிப்பு அதை அரித்து நிறத்தை மாற்றிவிடும். ஃபரீதா பார்த்துவிட்டாள்.

"என்ன சார், தட்டுக்குத் திருஷ்டி கழிக்கிறீங்களா?"

"சும்மா ஒரு சோதனைம்மா."

"உங்களுக்கு எதுலயும் சந்தேகம். என் குடத்துல பாருங்க, சோதிக்க ஒண்ணுமே இல்ல. மண்ணு, தண்ணி. தப்பாப் போச்சுன்னா கரைச்சுட்டு மறுபடியும் ஆரம்பிப்பேன்." ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "சுட்டுட்டா முடிஞ்சது சார். அப்புறம் அத யாராலயும் திருப்ப முடியாது. எனக்கு அந்த பயம்தான்."

அவள் குடங்களைக் கரைப்பது எதற்காக என்று இன்று கொஞ்சம் விளங்கியது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

மார்ச் 6, வியாழன்

எலுமிச்சை இருந்த இடத்தில் தட்டு வெளுத்திருக்கிறது. வட்டமாக.

இது எதையும் நிரூபிக்காது. நீலத்துக்குச் செம்பு போடுகிறோம். கரைந்தது செம்பாக இருக்கலாம். ஸ்ட்ரான்சியம் மெருகும் இப்படி அரிபடாது என்று சொல்ல முடியாது.

நிரூபிக்க வழி இருக்கிறது. வருடாவருடம் மாணவர்களுக்குச் செய்து காட்டியதுதான். கம்பியை அமிலத்தில் நனைத்து, பொடியில் தொட்டு, நெருப்பில் காட்ட வேண்டும். ஸ்ட்ரான்சியம் என்றால் சுடர் சிவக்கும். பேரியம் என்றால் பச்சை. தட்டைச் சுரண்டி எடுத்துச் சோதிக்க முடியாது, செம்பும் பச்சையாகவே எரியும். டப்பாவில் இருக்கும் பொடியைத்தான் சோதிக்க வேண்டும். ஒரு டம்ளர் காபி குடிக்கும் நேரம்கூட ஆகாது.

கடையில் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் ஒரு பாட்டில் வாங்கினேன். பையிலேயே இருக்கிறது.

இரவு கோமளவல்லிக்கு எவர்சில்வர் கிண்ணத்தில் சாதம் போட்டுக் கொடுத்தேன்.

"அது எங்க?" என்றாள்.

"எது?"

"என் கிண்ணம்."

"கழுவல."

"கழுவித்தான் கவுத்து வெச்சிருக்கேன். ஏங்க, கண்ணாடிய மாத்துங்கன்னு சொன்னா கேக்குறீங்களா?" எழுந்து போய் எடுத்துவந்து, சாதத்தை அதில் மாற்றிக்கொண்டாள். ஊறுகாயும் வைத்துக்கொண்டாள்.

எதிரில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

கூடத்துக்குப் போகவில்லை. லேசாகத் தலைவலி. கோமளவல்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். வயசாச்சு என்று சிரித்தாள். வயிறும் சரியில்லை என்றாள். வெயில் சூடாக இருக்கலாம். அவள் குளிக்கப் போனபோது சமையலறையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். அதிகம் புழங்காத சில பாத்திரங்களைப் பரண் மேல் எடுத்துவைத்தேன்.

மார்ச் 8, சனி

அமுதினி தட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒயிட் டவுனில் புதிதாகத் திறக்கும் உணவகத்துக்குப் போகின்றன. வரும் புதன்கிழமை திறப்பு. இன்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, பஸ்ஸில் வாக்கியங்களை அமைத்துக்கொண்டு போனேன்.

"அமுதினி, ஒரு சின்ன விஷயம்."

"சொல்லுங்க சார். அந்தக் கத்திரி குடுங்க." வைக்கோலைத் திணித்தபடியே பேசினாள். "தெரியுமா, நேத்து எங்கப்பா வந்து பாத்தாரு. எட்டு வருஷமா நான் செய்யறத சட்டின்னுதான் சொல்வாரு. எம் பொண்ணு சட்டி செய்யறான்னு. நேத்து ஒரு தட்ட கையில எடுத்து ரொம்ப நேரம் வெச்சிருந்தாரு. இது நீயா செஞ்சன்னு மட்டும் கேட்டாரு." தலை நிமிர்ந்தாள். "நானும் எங்க சாரும்னு சொன்னேன். என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"கயித்த நல்லா இறுக்கிக் கட்டும்மா," என்றேன்.

ஆசிட் பாட்டில் பையில் இருந்தது. டப்பாக்கள் எனக்கு எதிரிலேயே, அலமாரியில் இருந்தன. வண்டி வந்து தட்டுகளை ஏற்றிக்கொண்டு போனது.

உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி ஒரு பெண்ணின் எட்டு வருட உழைப்பைக் கெடுப்பது நியாயமா? அப்படி நினைத்துத்தான் சொல்லவில்லை. அப்படி நினைத்ததாகத்தான் நினைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

கோமளவல்லி விழுந்துவிட்டாள்.

நான் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினால் சமையலறைத் தரையில் கிடக்கிறாள். முக்காலி ஒரு பக்கம். பரண் மேலிருந்து கிண்ணத்தை எடுக்க ஏறியிருக்கிறாள். "கால் தூக்க வரலைங்க," என்றாள். "மேல ஏறினேன், அப்புறம் காலே இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். மணிக்கட்டில் சுளுக்கு. எலும்பு முறியவில்லை. ஆனால் கை கால்களில் பலமில்லை. ரத்தம் எடுத்திருக்கிறார்கள். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று மார்பில் ஒயர்களை ஒட்டியிருக்கிறார்கள். அவள் தூங்குகிறாள். திரையில் கோடு ஓடுகிறது. அது தவறும் ஒவ்வொரு முறையும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

பரண் மேல் வைத்தது நான்தான்.

மார்ச் 10, திங்கள்

பொட்டாசியம் மிகவும் குறைந்திருக்கிறதாம். சொட்டு மருந்தில் ஏற்றுகிறார்கள். டாக்டர் இளம்பெண், திருநெல்வேலிப் பேச்சு.

"பிரஷருக்கு வாட்டர் மாத்திரை சாப்பிடுதாங்கல்லா? வயித்தாலயும் போயிருக்கு. ரெண்டும் சேர்ந்தா பொட்டாசியம் இறங்கிரும். வயசானவங்களுக்கு இது சகஜம்தான் சார். மாத்திரைய மாத்திருவோம், சரியாப் போயிரும். நீங்க பயப்படாதிய."

எனக்கு என்ன ஒரு நிம்மதி. அதை இங்கே எழுதியே ஆக வேண்டும். மாத்திரை. மாத்திரைதான். டாக்டரே சொல்லிவிட்டார். நன்றி சொல்லிக் கைகூப்பிவிட்டு, கீழே கேன்டீனுக்குப் போய்க் காபி வாங்கினேன். இரண்டு மடக்குக் குடித்தேன். பேரியமும் பொட்டாசியத்தைத்தான் குறைக்கும். நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு மாணவன் அதைக் கரும்பலகையில் எழுதியதுகூட ஞாபகம் இருக்கிறது.

காபியை வைத்துவிட்டு மேலே ஏறினேன். டாக்டர் வேறொரு கட்டிலில் இருந்தார். காத்திருந்தேன். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவரே பார்த்துவிட்டார்.

"என்ன சார்?"

"பேரியம்," என்றேன்.

"என்னது?"

"என் மனைவி சாப்பிட்ட பாத்திரத்துல பேரியம் இருக்கலாம். நான்தான் கலந்தேன். தெரியாம. தெரியாமத்தான் கலந்தேன்."

அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பரிசோதனைக்கு ரத்தம் சென்னைக்குப் போகிறது. "இதுனாலதானான்னு முடிவு வந்தாலும் உறுதியாச் சொல்ல முடியாது சார். மாத்திரையாவும் இருக்கலாம், இதாவும் இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தாவும் இருக்கலாம். ஆனா சொன்னது நல்லதாப் போச்சு," என்றார். பிறகு, "வேற யாரும் அதுல சாப்பிடுதாங்களா?" என்று கேட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

கோமளவல்லியின் தங்கை வந்து உடனிருக்கிறாள். நான் பொம்மையார்பாளையம் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள்.

ஜெரோமின் கேஸ் டார்ச்சைக் கேட்டு வாங்கினேன். பழைய மின்சூளைச் சுருளிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை வெட்டித் தரச் சொன்னேன். டார்ச்சை அவனே பிடித்துக்கொண்டான். ஸ்ட்ரான்சியம் என்று மூடியில் எழுதியிருந்த டப்பாவைத் திறந்தேன். கம்பியை அமிலத்தில் நனைத்து, பொடியில் தொட்டு, சுடரில் காட்டினேன்.

பச்சை. வாழைக் குருத்தின் பச்சை.

"சார், சூப்பரா இருக்கே, இது என்ன?" என்றான் ஜெரோம்.

இன்னொரு டப்பா. சிவப்பு.

டார்ச்சை அணைக்கச் சொன்னேன். பிறகு சொன்னேன். மூடிகளைக் கழுவியதிலிருந்து, ஆஸ்பத்திரி வரை. எலுமிச்சைத் தட்டையும் எடுத்துக் காட்டினேன். அமுதினி சக்கரத்தின் அருகில் உட்கார்ந்துவிட்டாள்.

"சனிக்கிழமையே தெரியுமா?" என்றாள்.

"சந்தேகம் இருந்துச்சு."

"கயித்த இறுக்கிக் கட்டுன்னீங்க."

"ஆமாம்."

"ஒவ்வொரு தட்டுக்கும் அடியில எம் பேரு சார். உங்க பேரு இல்ல."

ஜெரோம், "அமுது, நான் எல்லாத்தையும் வாங்கிக்கிறேன். ஓட்ட போட்டு செவுத்துல மாட்டிடலாம்," என்றான்.

"எவனாவது கழட்டி அதுல பிரியாணி சாப்பிடுவான். ஒனக்குத் தெரியாது, ஜனங்கள." எழுந்து சாவியை எடுத்தாள். "வண்டி எடு. முதல்ல அங்க போலாம்."

என்னை வரச் சொல்லவில்லை. நானாகவே பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

உணவகத்தில் இன்று வாழையிலை போட்டுத் திறந்தார்களாம். உரிமையாளர் நேற்று கத்திய கத்தலை இங்கே எழுத வேண்டாம். பாதி என்னை நோக்கித்தான். அதுவரை நான் பயந்தது அந்த மாதிரிக் கத்தலுக்குத்தான். நின்று கேட்க முடிந்தது.

கூடத்தின் பின்னால் பள்ளம் தோண்டி, திருப்பிக் கொண்டுவந்த தட்டுகளைச் சாக்கில் சுற்றி உடைத்தார்கள். ஜெரோம் உடைக்க வந்தான். அமுதினி சுத்தியலைக் கொடுக்கவில்லை. அவளே உடைத்தாள். ஃபரீதா சில்லுகளை வாரினாள். கடைசித் தட்டை அமுதினி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் அப்பா இப்படித்தான் வைத்திருந்திருப்பார் என்று தோன்றியது. பிறகு அதையும் சாக்கில் போட்டாள்.

"பிப்ரவரி கிண்ணம்?" என்றாள், என்னைப் பார்க்காமலே.

சந்தையில் விற்றவை. யார் வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெளியூர்க்காரர்களும் இருந்திருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

கோமளவல்லியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெதுவாக நடக்கிறாள். கிண்ணத்தை ஜெரோம் வந்து எடுத்துப் போனான்.

பிற்பகலில் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "டாக்டரம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. நீங்க எப்ப கண்டுபிடிச்சீங்கன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியல."

ஆஸ்பத்திரியில்தான் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் வந்துவிட்டது.

"திங்கக்கிழமை. மூணாம் தேதி," என்றேன்.

அவள் மனதுக்குள் நாட்களைப் பின்னோக்கி நகர்த்துவது முகத்தில் தெரிந்தது.

"எலுமிச்சை ரசம் குடிச்சேனே. எதிர்லதான் உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"எவர்சில்வர் கிண்ணம் குடுத்தது அதுக்குத்தானா?"

"ஆமா."

"பரண்லயும்."

தலையசைத்தேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். கூடையை இறக்கினாள், பேரம் நடந்தது, மறுபடி தூக்கிக்கொண்டு போனாள்.

"ரொம்ப பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானும் கூட சேர்ந்து பயந்திருப்பேன். தனியா உக்காந்து பயந்தீங்க. என்ன மனுஷன் நீங்க."

அவள் அழவில்லை. நான் அவளுடைய கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். போகச் சொல்லவும் இல்லை, பக்கத்தில் வரச் சொல்லவும் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், "அந்த மத்த கிண்ணமெல்லாம் யார் வீட்ல இருக்கோ," என்றாள்.

மார்ச் 15, சனி

அமுதினி நீலக் கிண்ணத்தின் படத்தைப் போட்டு, இதில் யாரும் சாப்பிட வேண்டாம், திருப்பித் தாருங்கள் என்று இணையத்தில் அறிவித்திருக்கிறாள். தன் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டு, மெருகு கலந்தவர் என்று என் பெயரைப் போட்டு, என் எண்ணையும் போடச் சொன்னேன். "நெறைய பேர் திட்டுவாங்க சார்," என்றாள். போட்டுவிட்டாள்.

காலையிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒருவர் வழக்குப் போடுவேன் என்றார். ஒருவர் நான் எந்தக் கல்லூரி என்று விசாரித்து, அந்த மாணவர்களை நினைத்து வருத்தப்பட்டார். ஒரு கல்லூரிப் பெண் தன் கிண்ணத்தில் தோடு வைத்திருப்பதாகச் சொன்னாள்; அவளை வாழ்த்தத் தோன்றியது. ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் உள்ளங்கை ஈரமாகிறது. வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுக்கிறேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது இன்னொரு எண்.

"நீங்கதான் அந்த நீலக் கிண்ணம் சாரா?" பெண் குரல். "எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அடியில அமுதினின்னு எழுதியிருக்கு."

"அதுதாம்மா."

"பாப்பாவுக்கு அதுலதான் பிசைஞ்சு ஊட்டுறேன். தக்காளி சாதம். வேற எதுல குடுத்தாலும் வாய தொறக்க மாட்டா. அந்தக் கலர பாத்தாத்தான்…" குரல் நின்றது. "ரெண்டு நாளா துவண்டு துவண்டு படுத்துக்கிறா சார். பல்லு மொளைக்குதுன்னு நெனச்சேன்."

கோமளவல்லி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட வேண்டும் என்று கை துடித்தது.

"வீடு எங்கம்மா?" என்றேன். "நீங்க உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. விஷயத்த டாக்டர்கிட்ட நான் சொல்றேன். நானும் அங்க வந்துடறேன்."

முதலியார்பேட்டை என்றாள். கோமளவல்லி இருந்த ஆஸ்பத்திரிக்கே வரச் சொன்னேன். டாக்டரம்மாவை அழைத்துச் சொல்லிவிட்டேன். குழந்தைகள் பிரிவுக்குத் தானே தகவல் சொல்வதாகச் சொன்னார். ஆட்டோவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். கோமளவல்லி வேண்டாமென்றாலும் கேட்காமல் புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள். கொசுவத்தைப் பிடிக்க ஒரு கை சரியாக வரவில்லை, என்னைக் கூப்பிடுகிறாள்.

குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்க மறந்துவிட்டேன்.

அது சரியில்லை. மறக்கவில்லை. கேட்கப் பயந்தேன்.

ஆட்டோ வந்துவிட்டது.